கிளிக்குக்குக் காசு: சிறு வியாபாரியின் விளம்பரப் பணம் எங்கே கசிகிறது

நாகர்கோவிலில் ஒருவர் போனை எடுத்து ‘ஏசி சர்வீஸ்’ என்று கூகுளில் தேடுகிறார். முடிவுகளுக்கு மேலே ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியோடு இரண்டு மூன்று கடைகள் வருகின்றன. பெயர் திரையில் தெரிந்ததற்காக அந்தக் கடைக்காரர்கள் பணம் கட்டுவதில்லை. யாராவது அதைத் தொட்டால்தான் கட்டணம். இதுதான் ‘பே பெர் கிளிக்’, சுருக்கமாகப் பிபிசி (PPC). 2000-ல் ‘ஆட்வேர்ட்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி, 2018 முதல் ‘கூகுள் ஆட்ஸ்’ என்று அழைக்கப்படும் தளத்தில்தான் நம் ஊர்க் கடைகள் பெரும்பாலும் இதைச் செய்கின்றன.

பத்திரிகை விளம்பரத்தையும் பேனரையும் விட இது நியாயமாகத் தெரியும். பார்த்தவனுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம், வந்தவனுக்குக் கொடுத்தால் போதும். ஆனால் இங்கே விற்கப்படுவது ஒரு தொடுதல் மட்டுமே. தொட்டவர் வாடிக்கையாளராக மாறுவாரா என்பது முழுக்கக் கடைக்காரரின் பொறுப்பு. புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் செட்டிங்குகளில் பலவும், யார் தொட்டாலும் சரி, நிறையப் பேர் தொடட்டும் என்ற திசையில் அமைந்தவை. அவற்றைக் குறுக்குவதுதான் தொடக்கக்காரரின் முதல் வேலை.

ஏலம்

ஒவ்வொரு தேடலுக்கும் நொடிக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் போவதுபோல் என்று சொல்லலாம், ஒரு வேறுபாட்டோடு: இங்கே அதிக விலை கேட்டவருக்கே முதல் இடம் என்ற உறுதி கிடையாது. நீங்கள் கேட்கும் விலையோடு, உங்கள் விளம்பரத்தைத் தொட எவ்வளவு வாய்ப்பு, அது தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், தொட்டபின் திறக்கும் பக்கம் எவ்வளவு பயனுள்ளது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் வரிசை முடிவாகிறது. உங்களுக்குக் கீழே நிற்பவரைத் தாண்டத் தேவையான தொகைதான் பொதுவாகப் பிடிக்கப்படும், நீங்கள் சொன்ன உச்ச விலை அல்ல. அதனால் மோசமான பக்கத்தை வைத்துக்கொண்டு விலையை மட்டும் ஏற்றுபவர், நல்ல பக்கம் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரைவிட அதிகம் கொடுத்துக் கீழே நிற்பார்.

ஏலத்தில் இறங்குமுன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு ஏசி சர்வீஸ் வேலையில் உதிரிபாகம், ஆள் கூலி, பெட்ரோல் போக ₹600 கையில் நிற்கிறது என்று வைப்போம். விளம்பரத்தைத் தொடும் 100 பேரில் 10 பேர் போன் செய்கிறார்கள், அவர்களில் 4 பேர் வேலை தருகிறார்கள். ஆக 100 கிளிக்குக்கு ₹2,400. ஒரு கிளிக்கின் மதிப்பு ₹24. விளம்பரச் செலவின்மேல் 18% ஜிஎஸ்டி உண்டு என்பதால் கிளிக்குக்கு ₹20 கொடுத்தாலே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற கோட்டுக்கு வந்துவிடுகிறோம். ₹15-க்குக் கிளிக் கிடைத்தால் வரியோடு ₹1,770 செலவு, ₹630 மிச்சம். அதே கடையில் வரும் அழைப்புகளில் பாதியை யாரும் எடுக்கவில்லை என்றால் வேலை இரண்டாகும், வரவு ₹1,200 ஆகும், ₹570 கைநட்டம். கிளிக்கின் விலை மாறவே இல்லை, கவனியுங்கள்.

இந்தக் கணக்கு எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது. மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் ஒரு வாடிக்கையாளர் தரும் லாபம் ஒரு கிளிக்குக்கே காணாது. அவர்கள் கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிந்து, நேரத்தையும் படங்களையும் சரியாக வைத்தாலே போதும். தோவாளைச் சந்தையில் மொத்தமாகப் பூ விற்பவருக்கும் இது தேவையில்லை; அதே தோவாளையில் கல்யாண மேடை அலங்காரம் எடுத்துச் செய்பவருக்குத் தேவைப்படலாம், ஏனென்றால் ஓர் ஆர்டர் ஐம்பது கிளிக்கின் செலவைத் தாங்கும்.

ஊர் செட்டிங்: அதிகப் பணம் போகும் ஓட்டை

கேம்பெய்ன் (தனி பட்ஜெட்டும் செட்டிங்குகளும் கொண்ட ஒரு விளம்பரத் தொகுப்பு) செட்டிங்ஸில் ‘லொகேஷன்ஸ்’ என்ற இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே ‘லொகேஷன் ஆப்ஷன்ஸ்’ என்று சிறிதாக ஒரு வரி மடங்கிக் கிடக்கும். அதைத் திறந்தால், ‘பிரசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்’ என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதன் பொருள்: இந்த மாவட்டத்தில் இருப்பவர்கள், அடிக்கடி வந்துபோகிறவர்கள், அதோடு எங்கிருந்தாலும் இந்த மாவட்டத்தின்மேல் ஆர்வம் காட்டியவர்கள்.

கன்னியாகுமரிக்கு இது சாதாரண விஷயமல்ல. முக்கடலையும் விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் பார்க்க இந்தியா முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள், வருவதற்கு முன் தேடுகிறார்கள். புனேயில் உட்கார்ந்து சுற்றுலாவுக்குத் திட்டம் போடுபவர் ‘ஆர்வம் காட்டியவர்’. நாகர்கோவில் ஏசி மெக்கானிக்குக்கு அவரால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. எனவே உள்ளூர் சேவை செய்பவர்கள், அதாவது பிளம்பர், பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர், வாட்டர் பியூரிஃபயர் விற்பவர் எல்லோரும் இதை ‘பிரசன்ஸ்’ என்று மட்டும் மாற்ற வேண்டும்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவருக்கு நேர் எதிர். அவருடைய வாடிக்கையாளர் பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ இருக்கிறார். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து ‘பிரசன்ஸ்’ வைத்தால், அப்போது ஊருக்குள் இருப்பவர்கள் மட்டுமே விளம்பரத்தைப் பார்ப்பார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களும் பார்ப்பார்கள், அவர்களுக்கு ரூம் எதற்கு? லாட்ஜுக்காரர் ஆட்கள் கிளம்பும் மாநிலங்களையும் நகரங்களையும் தேர்ந்தெடுத்து, ‘கன்னியாகுமரி’ என்ற பெயரைத் தேடல் சொல்லில் வைப்பதுதான் சரி.

நடுவில் ஒரு மூன்றாம் ரகமும் நம் மாவட்டத்தில் உண்டு. மகன் வளைகுடாவில் இருப்பான், மார்த்தாண்டத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு இன்வெர்ட்டரோ சிசிடிவியோ அங்கிருந்தபடியே ஆள் பிடிப்பான். அவன் வெளியூர்க்காரன் என்று தள்ளவும் முடியாது. ஆனால் அவனுக்காக மொத்தக் கதவையும் திறந்து வைக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் போன்ற நாடுகளுக்குத் தனி கேம்பெய்ன், தனி பட்ஜெட், ஊர்ப் பெயர் கட்டாயம் உள்ள தேடல் சொற்கள் என்று பிரித்துவிட்டால் எது வேலை தருகிறது என்று தெளிவாகத் தெரியும்.

வட்டம் போட்டு எல்லை குறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மார்த்தாண்டத்தை மையமாக வைத்து 20 கி.மீ. வட்டம் போட்டால் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் உள்ளே வந்துவிடும். நாகர்கோவிலிலிருந்து 30 கி.மீ. போட்டால் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி உள்ளே வரும், களியக்காவிளை விளிம்பில் நிற்கும். கேரளத்துக்கு ஆள் அனுப்ப முடியாத தொழில் என்றால், வட்டத்தை விட்டுவிட்டு ஊர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தை ‘எக்ஸ்க்ளூட்’ (விலக்கு) பட்டியலில் போடுங்கள். அங்கும் வியாபாரம் செய்வீர்கள் என்றால், உங்கள் கணக்கில் மொழி செட்டிங் இருந்தால் அதில் மலையாளத்தையும் சேர்க்க வேண்டும். கூகுள் உங்கள் விளம்பரத்தை மொழிபெயர்த்துத் தராது, நீங்கள் எழுதியதுதான் போகும். தமிழ் மட்டும் வைத்தாலும் தவறு: நம்மவர்களில் நிறையப் பேர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

எந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்கிறோம்

கீவேர்டு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் சொல்லும், ஆட்கள் உண்மையில் தட்டும் சொல்லும் ஒன்றல்ல. கீவேர்டை எந்தக் குறியும் இல்லாமல் எழுதினால் அது ‘பிராட் மேட்ச்’. தொடர்புடையது என்று கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வரும். இரட்டை மேற்கோளுக்குள் “நாகர்கோவில் ஏசி சர்வீஸ்” என்று போட்டால் ‘ஃபிரேஸ் மேட்ச்’: அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும். சதுர அடைப்புக்குள் [நாகர்கோவில் ஏசி சர்வீஸ்] என்று போட்டால் ‘எக்ஸாக்ட் மேட்ச்’: அதே பொருள், அதே நோக்கம் கொண்ட தேடல்கள். எக்ஸாக்ட் என்ற பெயர் இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே என்று அர்த்தமில்லை. எழுத்துப்பிழைகளையும் நெருங்கிய வடிவங்களையும் அது சேர்த்துக்கொள்ளும். சிறிய பட்ஜெட்டுக்கு ஃபிரேஸும் எக்ஸாக்டும் போதும். பிராட் மேட்ச் கெட்டது என்பதல்ல, அதற்குத் தீனி போடும் அளவுக்கு விற்பனைத் தகவல் சேர்ந்தபிறகுதான் அது நல்ல ஆட்களைப் பிடிக்கத் தொடங்கும். முதல் மாதத்தில் ₹300 நாள் பட்ஜெட் வைத்திருப்பவருக்கு அது விஷப்பரீட்சை.

‘கன்னியாகுமரி ரூம்’ என்று பிராட் மேட்சில் விட்ட ஒரு லாட்ஜை நினைத்துப் பாருங்கள். சூரிய உதய நேரம், படகு டிக்கெட், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், மழை நிலவரம், மாவட்ட வேலைவாய்ப்பு என்று எதைத் தேடுபவரும் அதன் எல்லைக்குள் வரக்கூடும். ஊருக்கும் மாவட்டத்துக்கும் ஒரே பெயர் என்பது கூடுதல் தொல்லை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் தேன் விற்பவரின் விளம்பரத்தைத் தொடுபவர்களில் தேனீப் பெட்டி வாங்க நினைப்பவர், வளர்ப்புப் பயிற்சி தேடுபவர், சுத்தமான தேனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்பவர், மொத்த விலைக்குத் தர ஆள் தேடுபவர் எல்லோரும் இருப்பார்கள்.

இவர்களைத் தள்ளி நிறுத்துவதற்குத்தான் ‘நெகட்டிவ் கீவேர்டு’. தேன்காரர் ‘பெட்டி’, ‘பயிற்சி’, ‘கண்டுபிடிப்பது எப்படி’ என்று போட்டுவைப்பார். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: நெகட்டிவ் கீவேர்டு தன் இணைச்சொற்களைத் தானாகத் தடுக்காது. ‘வேலை’யைத் தடுத்தால் ‘ஜாப்’ தடுக்கப்படாது, ‘ஜாப்’ தடுத்தால் ‘ஜாப்ஸ்’ தடுக்கப்படாது. நம் ஆட்கள் தமிழில் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், எல்லைப் பக்கம் மலையாளத்திலும் தேடுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். அதற்காக வெறிபிடித்து எல்லாவற்றையும் தடுக்கவும் கூடாது. ‘விலை’ என்பதைத் தடுத்தால் வாங்க வருகிறவரையே வாசலில் நிறுத்திவிடுவீர்கள்.

எதைத் தடுப்பது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ‘சர்ச் டெர்ம்ஸ்’ அறிக்கையைத் திறந்தால், எந்தத் தேடலுக்கு உங்கள் பணம் போனது என்று தெரியும். முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கொரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. மிகச் சிலரே தேடிய சொற்களை கூகுள் அதில் காட்டாது என்பதால், பட்டியலின் கூட்டுத்தொகை மொத்தச் செலவைவிடக் குறைவாக இருக்கும். கணக்கு உதைக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

லாட்ஜ்காரர்களுக்கு இன்னொரு சொல். ‘கன்னியாகுமரி ஹோட்டல்’ என்ற சொல்லுக்குப் பெரிய புக்கிங் தளங்கள் ஏலத்தில் நிற்கின்றன. அவர்களோடு மோதுவதில் லாபமில்லை. ‘பஸ் பார்க்கிங் உள்ள லாட்ஜ்’, ‘ஆறு பேர் தங்கும் ரூம்’, ‘சமையல் வசதியுள்ள தங்குமிடம்’ போன்று, வேனிலும் பஸ்ஸிலும் கூட்டமாக வருகிறவர்கள் தேடும் சொற்களில் போட்டியும் குறைவு, தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெளிவு. கார்த்திகையில் சபரிமலை சீசன் தொடங்கித் தை பிறக்கும்வரை கிடைக்கும் கிளிக்குகளின் கணக்கை வைத்து மாசி மாதத்துக்குப் பட்ஜெட் போடவும் கூடாது.

கேம், ஆப், இன்னபிற

‘சர்ச்’ கேம்பெய்ன் என்று தேர்ந்தெடுத்தாலும் ‘நெட்வொர்க்ஸ்’ பகுதியில் ‘டிஸ்பிளே நெட்வொர்க்’, ‘சர்ச் பார்ட்னர்ஸ்’ இரண்டுக்கும் டிக் இருக்கும். டிஸ்பிளே என்றால் பிற இணையதளங்களிலும் போன் ஆப்களிலும் வரும் பட்டை விளம்பரம். சர்ச் பார்ட்னர்ஸ் என்றால் கூகுளோடு கூட்டுச் சேர்ந்த பிற தேடல் தளங்கள். கேம் ஆடும் பிள்ளையின் விரல் தவறிப் பட்டாலும் கிளிக்தான். இரண்டையும் எடுத்துவிடுங்கள். திடீரென்று கிளிக் விலை ஒரு ரூபாய்க்கு இறங்கி, எண்ணிக்கை எகிறி, போன் மட்டும் அடிக்காமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ‘பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்’ என்ற வகை எல்லா இடத்திலும் சேர்த்தே ஓடும், பிரித்து நிறுத்துவது கடினம் என்பதால் தொடக்கக்காரருக்கு அது வேண்டாம்.

தன் விளம்பரம் வருகிறதா என்று தானே தினமும் தேடிப் பார்ப்பதும் கேடு. பார்த்துவிட்டுத் தொடாமல் போகப்போக, இந்த விளம்பரத்தில் யாருக்கும் விருப்பமில்லை என்ற பதிவு சேரும். தொட்டால் காசு போகும். கணக்குக்குள்ளேயே ‘ஆட் பிரிவியூ’ என்ற கருவி இருக்கிறது, அதில் பார்த்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. பக்கத்துக் கடைக்காரன் உட்கார்ந்து கிளிக் பண்ணிப் பணத்தைக் காலி செய்கிறான் என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு உண்டு. சந்தேகத்துக்குரிய கிளிக்குகளை கூகுள் வடிகட்டி, பணம் பிடித்திருந்தால் திருப்பி வரவு வைக்கிறது. எல்லாம் பிடிபடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சிறு கடைகளின் பணம் போட்டிக்காரனால் போவதைவிடத் தவறான செட்டிங்கால் போவதுதான் அதிகம்.

தொட்டபிறகு

ஆளை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். ஏசி சர்வீஸ் என்று தேடியவருக்கு ஏசி சர்வீஸ் பக்கமே திறக்க வேண்டும். எந்தெந்த ஊருக்கு வருவீர்கள் (வடசேரி, தக்கலை, திங்கள்நகர் என்று பெயரோடு), ஆரம்பக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிவரை, தொட்டதும் அழைக்கக்கூடிய போன் நம்பர் ஆகிய நான்கும் விரலால் உருட்டாமலே தெரிய வேண்டும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார், கிளிக் காசு மட்டும் போயிருக்கும். ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் எது எடை என்று காட்டும். விளம்பர வாசகத்துக்குள்ளேயே போன் நம்பர் எழுதினால் நிராகரித்துவிடுவார்கள். அதற்கு ‘கால் அசெட்’ (விளம்பரத்தோடு வரும் அழைப்புப் பொத்தான்) என்று தனி இடம் இருக்கிறது.

அந்த அழைப்புப் பொத்தானைத் தொட்டாலும் கிளிக் கட்டணம்தான், நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஆகவே ‘ஆட் ஷெட்யூல்’ போட்டு, போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடவிடுங்கள். ஞாயிறு காலை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்விடுவீர்கள் என்றால் அந்த நேரத்தையும் நிறுத்தலாம்.

இனி எண்ணும் வேலை. விற்பனையோ அழைப்போ நடந்ததைக் கணக்குக்குத் தெரிவிப்பதை ‘கன்வெர்ஷன்’ என்கிறார்கள். பக்கத்தைத் திறந்தாலே கன்வெர்ஷன் என்று அமைத்துவிடுவது வழக்கமான பிழை. அப்படி அமைத்துவிட்டு ‘மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ்’ என்ற தானியங்கி ஏலத்தைப் போட்டால், பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடும் ஆட்களையே அது தேடித்தேடிக் கொண்டுவரும். அறிக்கையில் எல்லாம் அமோகமாக இருக்கும், கல்லாவில் ஒன்றும் இருக்காது. போன் பொத்தானைத் தொட்டது, வாட்ஸ்ஆப் பொத்தானைத் தொட்டது, படிவத்தை அனுப்பியது ஆகியவற்றை மட்டும் எண்ணுங்கள். மாதம் நாலைந்து கன்வெர்ஷன் மட்டும் வரும் கணக்கில் தானியங்கி ஏலத்துக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எண்ணிக்கை கூடும்வரை ‘மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்’ போட்டு, அதன் கீழே உள்ள உச்ச கிளிக் விலைப் பெட்டியில் மேலே போட்ட கணக்கின்படி ஒரு தொகையை எழுதுங்கள். பெட்டியைக் காலியாக விட்டால் ஒரே கிளிக்குக்கு ₹80 பிடித்தாலும் கேட்க முடியாது.

இத்தனைக்கும் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அழைப்பவர்களிடம், “நம்பர் எங்கேருந்து கெடச்சுது அண்ணே?” என்று கடைப் பையன் கேட்டு எழுதினாலே, எந்த அறிக்கையும் சொல்லாததை அது சொல்லும். விளம்பரத்துக்கென்று ஒரு தனி சிம் வாங்கி, அந்த நம்பரை விளம்பரப் பக்கத்தில் மட்டும் போட்டால் கேட்கக்கூட வேண்டாம்.

பில்லும் கணக்கின் சாவியும்

நாள் பட்ஜெட் ₹300 என்றால் தினமும் ₹300-க்கு மேல் போகாது என்று அர்த்தமில்லை. தேடல் அதிகமுள்ள நாளில் அதன் இரு மடங்கு, ₹600 வரை போகலாம். மாதக் கூரை நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கு, அதாவது ₹9,120. ஜிஎஸ்டியோடு ₹10,761 சொச்சம். ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் கொடுத்திருந்தால் சாதாரணப் பதிவுள்ளவர் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவருக்கு அது கிடையாது, 18 சதவீதமும் செலவுதான். புதுக் கணக்குக்கு, இத்தனை நாளுக்குள் இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு கிரெடிட் என்று சலுகை வரும். அதைப் பிடிப்பதற்காகப் பட்ஜெட்டை ஏற்றுவது, தள்ளுபடிக்காகத் தேவையில்லாததை வாங்குவதுதான். கிரெடிட் தீர்ந்ததும் விளம்பரம் தானாக நிற்காது, கார்டிலிருந்து எடுக்கத் தொடங்கும்.

கணக்குக்குள் ‘ரெக்கமண்டேஷன்ஸ்’ என்ற பகுதி மதிப்பெண்ணோடு பரிந்துரைகளைக் காட்டும். பட்ஜெட்டை ஏற்று, பிராட் மேட்சுக்கு மாறு என்பதெல்லாம் அதில் அடிக்கடி வரும். 100 மதிப்பெண் வாங்குவதால் ஒரு வாடிக்கையாளரும் கூடுதலாக வரப்போவதில்லை. முக்கியமாக, பரிந்துரைகளை உங்களைக் கேட்காமலே செயல்படுத்தும் ‘ஆட்டோ அப்ளை’யைத் திறந்து பார்த்து, ஓடிக்கொண்டிருப்பவற்றை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கழித்துக் கட்டிய கீவேர்டு வகைகள் ஒருநாள் தானாக உள்ளே வந்து நிற்கும்.

ஆள் வைத்துச் செய்வது தவறில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் ஜிமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே கணக்குத் தொடங்கி, பத்து இலக்கக் கணக்கு எண்ணை மட்டும் ஏஜென்சியிடம் கொடுங்கள். அவர்கள் தங்கள் ‘மேனேஜர்’ கணக்கிலிருந்து இணைப்புக் கோரிக்கை அனுப்புவார்கள், நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். பாஸ்வேர்டோ ஓடிபியோ யாருக்கும் தேவைப்படாது. ஏஜென்சி தன் கணக்கிலேயே உங்கள் விளம்பரத்தையும் ஓட்டினால், பிரியும் நாளில் கீவேர்டு, நெகட்டிவ் பட்டியல், கன்வெர்ஷன் வரலாறு எல்லாம் அவர்களோடு போய்விடும். கொடுத்த ₹15,000-ல் கூகுளுக்குப் போனது எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்றும் தெரியாது. செலவு, கிளிக், எத்தனை முறை காட்டப்பட்டது என்ற மூன்றையும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ஏஜென்சிகளுக்கான கூகுளின் விதி. கேட்டு வாங்குங்கள். முதல் இடம் கேரண்டி என்று போனில் சொல்பவர் யாராக இருந்தாலும், மேலே சொன்ன ஏலம் அவருக்கும் பொருந்தும் என்பதால், அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

நிறுத்த நினைத்தால் கேம்பெய்னை ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) செய்தால் விளம்பரம் நிற்கும், முன்பணம் கட்டியிருந்தால் அது கணக்கிலேயே கிடக்கும். அந்தப் பணமும் திரும்ப வேண்டும் என்றால் கணக்கையே ‘கேன்சல்’ செய்ய வேண்டும். நீங்கள் கட்டியதில் மீதி திரும்பி வரும், சலுகை கிரெடிட் வராது.